‘நெஞ்சுல காத்து’ என்று பாட்டி சொன்னால் கணினியில் என்ன பதிவாகும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடியற்காலை. காலமெல்லாம் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய என் பாட்டி, “நெஞ்சுல காத்து பிடிச்ச மாதிரி இருக்கும்மா” என்றார். அவரை அரசாங்க மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் சென்றோம். முகப்பில் இருந்த தாதி மலாயில் கேட்டார். நான் பாட்டியின் சொல்லை அப்படியே மலாய்க்கு மாற்றி, ‘அங்கின்’ என்று சொன்னேன். தாதி அதைக் கணினியில் தட்டினார். பச்சை மண்டலத்தில் உட்காரச் சொன்னார்கள்.

ஒரு மணி நேரத்துக்கும் மேல் காத்திருந்தோம். அந்தப் பக்கமாக வந்த தமிழ்த் தாதி ஒருவர், பாட்டிக்கு வியர்த்துக் கொட்டுவதைப் பார்த்து நின்றார். “பாட்டி, அந்தக் காத்து கைக்கு இறங்குதா, தாடைக்கு ஏறுதா?” என்று தமிழில் கேட்டார். “ரெண்டும்தான்” என்றார் பாட்டி. அடுத்த சில நிமிடங்களில் அவர் சிவப்பு மண்டலத்தில் இருந்தார். மாரடைப்பு.

பாட்டி பிழைத்துக்கொண்டார். தவறு தாதியுடையது அல்ல, என்னுடையது. தமிழில் பட்டம் வாங்கிய எனக்கே, பாட்டி சொன்ன ‘காத்து’ மருத்துவத்தில் என்ன பொருள்படும் என்று தெரியவில்லை. அவர் சொன்னது நெஞ்சு இறுக்கம். நான் சொன்னது வயிற்று வாயு. கணினி பதிவு செய்தது நான் சொன்னதைத்தான்.

நாட்டின் மருத்துவப் பதிவுகள் காகிதக் கோப்பிலிருந்து கணினிக்கு மாறிவரும் இந்த நேரத்தில், அந்த ஒரு சொல் அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

வெள்ளை அறிக்கைக்குப் பிறகு

2023 ஜூன் மாதம் மக்களவை சுகாதார வெள்ளை அறிக்கையை ஏற்றுக்கொண்டது. சுகாதாரத் துறையை மின்னிலக்கமயமாக்குவது அதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று. ஒருவர் எந்த அரசாங்கக் கிளினிக்கிற்குப் போனாலும், எந்த மருத்துவமனையில் படுத்தாலும், அவருடைய பழைய பதிவு மருத்துவரின் திரையில் வர வேண்டும் என்பதே இலக்கு.

இது நமக்குப் புதிய செய்தி அல்ல. 1999-இல் திறக்கப்பட்ட செலாயாங் மருத்துவமனை, காகிதமில்லா மருத்துவமனை என்ற பெயருடன்தான் தொடங்கியது. ஆனால் இத்தனை ஆண்டுகள் கழித்தும் பல அரசாங்க மருத்துவமனைகளில் தடித்த கோப்புகளும் கையெழுத்துக் குறிப்புகளும் போகவில்லை. ஒரு மருத்துவமனையின் கணினி இன்னொன்றின் கணினியோடு பேசாத நிலையும் உண்டு.

இதைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் கணினி எத்தனை, செலவு எவ்வளவு, இணைய வேகம் என்ன என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அந்தக் கணினிக்குள் எந்தச் சொல் போகிறது என்பதையும் கேட்க வேண்டும். இரண்டு கணினிகளை ஒயரால் இணைத்துவிடலாம். ஒன்றில் ‘தலைச்சுற்றல்’ என்றும் மற்றொன்றில் ‘தலைவலி’ என்றும் ஒரே ஆளுக்கு எழுதியிருந்தால், இணைப்பினால் பயனில்லை.

ஒரு ‘பெனிங்’, இரண்டு நோய்

உலக நாடுகள் இதற்குக் கண்ட வழி, ஒவ்வொரு நோய்க்கும் அறிகுறிக்கும் ஓர் எண் கொடுப்பது. உலகச் சுகாதார நிறுவனத்தின் அனைத்துலக நோய் வகைப்பாட்டின் பத்தாம் பதிப்பான ஐசிடி-10 நம் மருத்துவமனைகளிலும் பயன்படுகிறது. அதில் தலைச்சுற்றலுக்கு ஆர்42. தலைவலிக்கு ஆர்51. மயங்கி விழுவதற்கு ஆர்55. மூன்றும் வேறு வேறு. மூன்றுக்கும் பின்னால் தேடப்படும் காரணங்களும் வேறு.

இப்போது நம் வீட்டுப் பேச்சைப் பாருங்கள். “மயக்கமா வருது” என்போம். தலை சுற்றினாலும் அதே சொல்தான். நினைவு தப்பி விழுந்தாலும் “மயக்கம் போட்டுட்டாரு”தான். இதை மலாயில் சொல்லும்போது ‘பெனிங்’ என்கிறோம். அந்தச் சொல்லோ அன்றாடப் பேச்சில் தலைவலிக்கும் தலைச்சுற்றலுக்கும் பொதுவாகப் புழங்குகிறது. ஆக, இரத்தச் சர்க்கரை திடீரெனக் குறைந்து நினைவு தப்பிய ஒருவர், சாதாரணத் தலைவலிக்காரராகப் பதிவாகிவிட வாய்ப்பு உண்டு.

‘இளைப்பு’ என்ற சொல்லும் அப்படித்தான். மூச்சு வாங்குவதும் இளைப்பு, உடல் மெலிவதும் இளைப்பு. ‘நெஞ்செரிச்சல்’ ஒரு கோடு, ‘நெஞ்சுவலி’ வேறொரு கோடு. பதற்றத்தில் மொழிபெயர்க்கும் பேரனோ பேத்தியோ இரண்டையும் ‘சக்கிட் டாடா’ என்று முடித்துவிடுவார், அல்லது என்னைப் போல் ‘அங்கின்’ என்றுவிடுவார்.

தாதியர் செய்யும் வேலைக்குப் பெயர் வேண்டும்

நோய்களுக்கு எண் கொடுத்தால் மட்டும் போதாது என்று முதலில் சொன்னவர்கள் தாதியர்தான். மருத்துவர் நோயாளியைச் சில நிமிடங்கள் பார்க்கிறார். மற்ற நேரமெல்லாம் அருகில் இருப்பவர் தாதி. நம்மவர்கள் ‘மிஸ்ஸி’ என்று அழைக்கும் அவர், படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்கிறார், விழாமல் பார்த்துக்கொள்கிறார், இன்சுலின் ஊசி போடக் கற்றுக்கொடுக்கிறார், பயந்து கிடப்பவரைத் தேற்றுகிறார். நோயின் பெயரை மட்டும் பதிவு செய்யும் ஏட்டில் இந்த வேலைகளுக்கு இடமே இல்லை.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றால் கையில் விளக்கேந்திய அம்மையார்தான் நம் நினைவுக்கு வருவார். அவர் புள்ளிவிவரத்தில் தேர்ந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்குத் தோன்றியபடி நோய்களுக்குப் பெயர் எழுதினால் எதையும் ஒப்பிட முடியாது என்று கண்டு, எல்லா மருத்துவமனைகளுக்கும் பொதுவான பதிவுப் படிவத்தை உருவாக்கினார். 1860-இல் லண்டனில் நடந்த அனைத்துலகப் புள்ளியியல் மாநாட்டில் அவருடைய திட்டம் முன்வைக்கப்பட்டது.

அதன் தொடர்ச்சியாக, 1973-இல் அமெரிக்கத் தாதியர் ஒன்றுகூடித் தங்கள் கண்டறிதல்களுக்குப் பொதுப் பெயரிடத் தொடங்கினர். 1989-இல் அனைத்துலகத் தாதியர் மன்றம் இப்பணியை உலக அளவில் எடுத்துக்கொண்டது. அதில் பிறந்ததுதான் ஐசிஎன்பி எனப்படும் தாதிமைப் பணிக்கான அனைத்துலக வகைப்பாடு. இன்று அது ஸ்னோமெட் சிடி என்ற பெரிய மருத்துவச் சொற்களஞ்சியத்தோடு சேர்ந்து வெளியிடப்படுகிறது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான மருத்துவக் கருத்துகளைக் கொண்ட அந்தச் சொற்களஞ்சியத்தை நடத்தும் அமைப்பில் மலேசியாவும் உறுப்பு நாடு.

இதில் நமக்கு என்ன என்று கேட்கலாம். வார்டு தாதியரின் வார வேலை நேரத்தை 42 மணியிலிருந்து 45 மணியாக்கும் முடிவு 2024-இல் வந்தபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. பிறகு அது ஒத்திவைக்கப்பட்டது. அந்த விவாதத்தில் எல்லாரும் மணிக்கணக்கைத்தான் பேசினார்கள். ஒரு தாதி ஒரு வேளைப் பணியில் எத்தனை பேரைப் புரட்டிப் படுக்கவைத்தார், எத்தனை பேருக்குப் புண் கட்டினார், எத்தனை குடும்பங்களுக்கு விளக்கம் சொன்னார் என்பதெல்லாம் ஒரே பெயரில், ஒரே முறையில் பதிவாகியிருந்தால், எந்த வார்டில் எத்தனை பேர் தேவை என்பதைக் கணக்கோடு பேசியிருக்கலாம். பதிவில் பெயர் இல்லாத வேலைக்கு ஆள் கேட்பது கடினம். தாதியர் பணியில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போகிறவர்களிலும் இருக்கிறார்கள்.

நமக்கு ஏற்கனவே தெரிந்த பொதுமொழி

தரப்படுத்தப்பட்ட மருத்துவச் சொல் என்றால் ஏதோ வெளிநாட்டுப் பொருள் என்று நினைக்க வேண்டாம். பிள்ளை பெற்ற தாய்மார்கள் எல்லாருக்கும் ‘பிங்க் புத்தகம்’ தெரியும். அதன் அட்டையில் ஒட்டப்படும் வண்ணங்கள்தான் நம் நாட்டில் வெற்றி பெற்ற பொதுமொழி. வெள்ளை என்றால் கிராமத்துக் கிளினிக் தாதியே பார்த்துக்கொள்ளலாம். பச்சை என்றால் மருத்துவ அதிகாரி பார்க்க வேண்டும். மஞ்சள் என்றால் நிபுணரிடம் அனுப்ப வேண்டும். சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை.

சிலாங்கூர் தோட்டத்தில் ஒட்டிய சிவப்பை ஜொகூர் மருத்துவமனைத் தாதி பார்த்தாலும் பொருள் மாறாது. படிக்கத் தெரியாத தாய்க்கும் சிவப்பு என்றால் ஆபத்து என்று புரியும். மொழி, ஊர், படிப்பு எதுவும் குறுக்கே வராத ஏற்பாடு அது. 

வலியைக் கேட்கும் முறையும் அப்படித்தான். 2008 முதல் சுகாதார அமைச்சு, வலியை ஐந்தாவது உயிர்க்குறியாகக் கருதி, காய்ச்சல், நாடித்துடிப்பு பார்ப்பது போலவே வலியையும் அளக்கும் நடைமுறையைக் கொண்டுவந்தது. சுழியம் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்க முடியாத வலி.

ஆனால் இங்கேதான் நம் பழக்கம் இடிக்கிறது. அறுவைச் சிகிச்சை முடிந்து முனகிக்கொண்டிருக்கும் தாத்தாவிடம் தாதி எண் கேட்டால், “கொஞ்சம்தான், பரவாயில்லை” என்பார். வலியைச் சொல்வது கோழைத்தனம் என்று வளர்ந்த தலைமுறை அது. கூட இருக்கும் மகன், ‘இரண்டு’ என்று சொல்லிவிடுவார். பதிவில் இரண்டு என்று ஏறினால், அதற்கேற்ற மருந்துதான் வரும். அளவுகோல் சரியாக இருந்தாலும், நாம் கொடுக்கும் எண் பொய்யானால் பதிவும் பொய்தான்.

பணி மாறும் நேரத்தில் தாதியர் ஒருவரிடமிருந்து ஒருவர் பொறுப்பை வாங்கும்போதும் ஒரு பொது ஒழுங்கு உண்டு. இப்போது என்ன நிலை, முன்பு என்ன நடந்தது, என் கணிப்பு என்ன, என்ன செய்ய வேண்டும் என்ற நான்கு கேள்விகள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவமனைக்கு வந்த முறை இது. தொலைபேசியில் மருத்துவரை எழுப்பும் தாதி இந்த வரிசையில் பேசினால், முக்கியமானது விட்டுப்போகாது.

ஏழு என்றால் ஏழு அல்ல

எண்ணிலும் குழப்பம் வரும். இது நம் சமூகத்தில் தினமும் நடப்பது. நம் நாட்டில் இரத்தச் சர்க்கரையை மில்லிமோல் கணக்கில் சொல்கிறோம். தமிழ்நாட்டில் மில்லிகிராம் கணக்கு. இங்கே வெறும் வயிற்றில் 7 என்பதும் அங்கே 126 என்பதும் ஒன்றே. நம் எண்ணை 18-ஆல் பெருக்கினால் அவர்கள் எண் வரும்.

தமிழ்நாட்டு யூடியூப் மருத்துவர் ஒருவர், “சாப்பிட்ட பிறகு 140-க்குள் இருந்தால் நல்லது” என்கிறார். அதைக் கேட்கும் நம் அத்தை தன் புத்தகத்தைப் பார்க்கிறார். 14 என்று இருக்கிறது. “நமக்குப் பதினாலுதானே, ரொம்பக் கம்மி” என்று நிம்மதியாகிவிடுகிறார். உண்மையில் அது 250-ஐத் தாண்டிய அளவு. 

இது விளையாட்டான செய்தி அல்ல. 2019 தேசிய சுகாதார ஆய்வில், நாட்டில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கியது. எல்லா இனங்களிலும் அதிகம் நமக்குத்தான். 2023 ஆய்வில் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6 ஆக இருந்தது. சுகாதாரத் தகவலைப் புரிந்துகொள்ளும் திறன் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குக் குறைவு என்பதும் 2019 ஆய்வின் முடிவுகளில் ஒன்று. நோய் அதிகம் உள்ள சமூகத்தில், நோயைச் சொல்லும் சொல்லும் எண்ணும் தடுமாறினால், அதன் விலை சிறுநீரகமாகவும் காலாகவும் கண்ணாகவும் போகிறது.

டிரெஸர் காலத்துத் தமிழ்

நம்மிடம் சொல் இல்லாமல் இல்லை. தோட்டங்களில் ‘டிரெஸர்’ என்று அழைக்கப்பட்ட மருத்துவ உதவியாளர்கள், தொழிலாளர்களிடம் தமிழிலேயே நோய் கேட்டு ஆங்கிலத்தில் ஏட்டில் எழுதினார்கள். அவர்களைப் பதிவு செய்வதற்கென்றே 1965-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. ‘காத்து’ என்றால் எந்தக் காற்று என்று அவர்களுக்குத் தெரியும். ஒரு தோட்டத்தின் மூன்று தலைமுறையை அறிந்தவர்கள் அவர்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்துக் குறைந்த விலை அடுக்குமாடிகளுக்கு வந்தபோது, அந்த இடைநிலை மொழிபெயர்ப்பாளர் காணாமல் போனார். அந்த இடத்தில் இப்போது நிற்பது பதற்றத்தில் இருக்கும் பேரப்பிள்ளை, பக்கத்துக் கட்டில் நோயாளி, சில நேரம் வார்டைத் துப்புரவு செய்யும் அக்கா.

தமிழில் மருத்துவக் கலைச்சொல் உருவாக்கும் முயற்சியும் பழையது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்களுக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்தார். பாடநூல்களைத் தமிழாக்கினார். அதே யாழ்ப்பாணத்திலிருந்து பின்னாளில் மலாயாவுக்கு வந்து அரசாங்கப் பணிகளிலும் மருத்துவமனைகளிலும் வேலை பார்த்தவர்கள் பலர்.

இன்று நம் நாட்டிலேயே ஒரு நோய்க்கு எத்தனை பெயர்! வானொலியில் ‘நீரிழிவு’. வீட்டில் ‘இனிப்பு நீர்’. தமிழ்நாட்டுத் தொடரில் ‘சர்க்கரை நோய்’. கிளினிக்கில் ‘கென்சிங் மானிஸ்’. இவற்றில் மூன்றை ஒழித்து ஒன்றை வைக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ் படித்தவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் அதுதான். ‘நீரிழிவு’ மட்டுமே சரி என்று சொல்லி, ‘இனிப்பு நீர்’ என்று சொல்லும் பாட்டியின் வாயை அடைக்கிறோம்.

ஸ்னோமெட் போன்ற சொற்களஞ்சியத்தின் அமைப்பே இதற்கு வழி காட்டுகிறது. அதில் நீரிழிவுக்கு 73211009 என்று ஓர் எண் உண்டு. அந்த ஓர் எண்ணின் கீழ் எத்தனை மொழிச் சொல்லையும் எத்தனை வழக்குச் சொல்லையும் இணைக்க முடியும். மேலே திரையில் மலாயோ ஆங்கிலமோ தெரியட்டும். அடியில் ‘இனிப்பு நீர்’, ‘சர்க்கரை’ இரண்டும் அதே எண்ணைச் சுட்டினால் போதும். பாட்டி தன் சொல்லிலேயே பேசலாம். தாதிக்கும் பொருள் சரியாகக் கிடைக்கும்.

மறுப்பும் நியாயமானதே

எல்லாவற்றையும் பட்டியலாக்கினால் மனிதர் காணாமல் போவார் என்று அனுபவமுள்ள தாதியர் சிலர் அஞ்சுகிறார்கள். திரையைப் பார்த்துப் பெட்டிகளில் குறியிடுவதிலேயே நேரம் போனால், நோயாளியின் முகத்தை யார் பார்ப்பது? என் பாட்டியைக் காப்பாற்றியது எந்தக் கோடும் இல்லை. வியர்வையைக் கண்ட ஒரு கண்ணும், தமிழில் கேட்ட ஒரு கேள்வியும்தான்.

இந்த அச்சத்தை ஒதுக்கக் கூடாது. ஆனால் அந்தத் தமிழ்த் தாதி அன்று விடுப்பில் இருந்திருந்தால்? ஒருவரின் அனுபவத்தை நம்பி மட்டும் ஓர் அமைப்பு இயங்க முடியாது. அவர் கேட்ட அந்தக் கேள்வி, அதாவது வலி கைக்கோ தாடைக்கோ பரவுகிறதா என்பது, ‘அங்கின்’ என்று தட்டும் எந்தத் தாதியின் திரையிலும் தானாக வர வேண்டும். ஒருவரின் பட்டறிவை எல்லாருக்குமான நடைமுறையாக்குவதற்குத்தான் பொதுச்சொல் தேவைப்படுகிறது. கூடவே, நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத ஓர் இடமும் இருக்க வேண்டும்.

தனியுரிமை பற்றிய கேள்வியும் உண்டு. 2010 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்தாது. நம் நோய் விவரம் எல்லாம் ஒரே இடத்தில் சேரும்போது, அதை யார் பார்க்கலாம், யார் பார்த்தார்கள் என்பதை நோயாளி தெரிந்துகொள்ளும் உரிமை சட்டத்தில் தெளிவாக இருக்க வேண்டும். இதை நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

யார் என்ன செய்யலாம்?

புதிய பதிவு முறையை வடிவமைக்கும்போது, அறிகுறிகளுக்கான மலாய், தமிழ், சீன வழக்குச் சொற்களையும், சபா சரவாக் மொழிச் சொற்களையும் சேர்த்துக்கொள்ளும்படி சுகாதார அமைச்சைக் கேட்கலாம். ஆயிரக்கணக்கில் வேண்டாம். அவசரப் பிரிவில் அடிக்கடி வரும் நூறு அறிகுறிகளுக்குச் செய்தாலே பெரிய உதவி.

அந்த நூறு சொல்லைத் திரட்டும் வேலையை நாம் செய்யலாம். ஓய்வுபெற்ற தாதியர், பழைய தோட்ட மருத்துவ உதவியாளர்கள், பல்கலைக்கழகத் தமிழ் மாணவர்கள், தமிழ் மருத்துவர்கள் ஆகியோர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் சில மாதங்களில் முடியும். பட்டிமன்றத்துக்கும் மாநாட்டுக்கும் செலவிடும் உழைப்பில் சிறு பங்கு போதும். தோட்டத்து வழக்கை அறிந்த அந்தத் தலைமுறை இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும்.

வீட்டில் நாம் செய்ய வேண்டியவை இன்னும் எளிது. மருத்துவமனைக்குப் போகும்போது மருந்துகளையும் கிளினிக் புத்தகத்தையும் கையோடு எடுத்துப் போங்கள். நம் பெயர்களை ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள், ஆகவே அடையாள அட்டை எண்ணைச் சரிபாருங்கள். மொழிபெயர்க்கும்போது நோயின் பெயரைச் சொல்லாதீர்கள். எங்கே, எப்போதிலிருந்து, எப்படி, வேறு எங்கே பரவுகிறது என்பதைச் சொல்லுங்கள். வலிக்கு எண் கேட்டால் பெரியவரையே சொல்லச் சொல்லுங்கள். சர்க்கரை அளவைச் சொல்லும்போது மில்லிமோலா மில்லிகிராமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாட்டி இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை கிளினிக்கிற்குப் போகிறார். போன முறை தாதி “அப்பா காபார்?” என்று கேட்டதும், வழக்கம்போல் “பரவாயில்லை” என்று தொடங்கினார். நான் அவரைப் பார்த்தேன். அவர் சற்று யோசித்து, நெஞ்சின் இடப்பக்கத்தில் கை வைத்து, “படி ஏறுறப்ப இங்க இறுக்குது, ரெண்டு நிமிஷம் உட்கார்ந்தா விட்டுடுது” என்றார். நான் அதை ஒரு சொல்கூட மாற்றாமல் மலாயில் சொன்னேன். தாதி தட்டுவதை நிறுத்திவிட்டு, எத்தனை படி என்று கேட்டார்.